தம்பியின் காலை நேராக்கப் போனது

வண்டியில் இருந்தவர்கள்:

நான். பெயர் சுயம்பு. கொட்டாரத்துக்குப் பக்கம் வயல் வேலை.

என் தம்பி தவசி. பனை ஏறினவன்.

அவன் பெஞ்சாதி வடிவு.

வண்டி அடித்தவர் மீரான் அண்ணன். உப்புப் பாரம் ஏற்றுகிறவர். நாகர்கோவில் வரைக்கும்தான் அவர் வந்தது.

மாடு இரண்டு.

தம்பியின் இடது கால், முழங்காலுக்குக் கீழே, வண்டியில் இல்லை. அதற்காகத்தான் புறப்பட்டோம்.

போன வருஷம் பதநீர்க் காலம் முடிகிற சமயம் தம்பி பனையிலிருந்து விழுந்தான். கால் ஒடிந்தது. ஊர் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டு இறுகிவிட்டது. கால் கறுத்தது. மேற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கால் வேண்டுமா உயிர் வேண்டுமா என்றார்கள். உயிர் என்றோம். வெட்டினார்கள். புண் நன்றாக ஆறியது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்தபிறகுதான் கால் நோவ ஆரம்பித்தது. வெட்டின இடம் அல்ல. வெட்டிப் போட்ட கால்.

பாதம் உள்ளே திருகிக் கிடக்கிறது என்பான். விரல்கள் மடங்கி நகம் சதைக்குள் குத்துகிறது என்பான். "அண்ணே, அந்தப் பெருவெரல மட்டும் ஒண்ணு நிமித்தி விடு" என்று கெஞ்சுவான். நான் குனிந்து பார்ப்பேன். பாய்தான் இருக்கும்.

வைத்தியர் எண்ணெய் காய்ச்சித் தந்தார். தேய்க்கிற இடத்தை அவரால் தர முடியவில்லை.

ஊரில் சிரித்தார்கள். "இல்லாத காலு நோவுதாம்லே. அப்போ இல்லாத பனையில ஏறச் சொல்லு, இல்லாத பயினி எறக்கட்டும்" என்று கடை வாசலில் ஒருவன் சொன்னான். நானும் அங்கே நின்றேன். சிரிக்கவில்லை. சிரித்தவனை அடிக்கவும் இல்லை. அவன் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

வடிவு முதலில் ஏசினாள். வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு என்றாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் அவன் பாயில் இல்லை. கிணற்றைப் பார்த்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தான். பாதி வழியில் பிடித்தோம். அதற்கப்புறம் அவள் ஏசவில்லை. நோவு நிற்காவிட்டால் அவன் திரும்பவும் போவான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

காரணம் கண்டுபிடித்தவன் தம்பிதான்.

நாங்கள் அய்யா வழிக்காரர்கள். எங்களில் செத்தவர்களை எரிப்பதில்லை. சம்மணம் போட்டு, வடக்குப் பார்த்து உட்கார வைத்து அடக்குவோம். தர்ம யுகம் வரும்போது எழும்ப வேண்டும். காலை மட்டும் கேட்டு வாங்காமல் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம். அவர்கள் குழியில் எப்படியோ போட்டிருப்பார்கள். திருகிக் கிடக்கும். தெற்குப் பார்த்துக் கிடக்கும். "அதாக்கும் நோவுது. எடுத்து நேராக்கிப் போட்டா நின்னுரும்" என்றான்.

எனக்கு அது சரியாகப் பட்டது. அதுவரைக்கும் வேறு எதுவும் சரியாகப் படவில்லை.

அதனால்தான் வண்டி கட்டினோம்.

மீரான் அண்ணன் நல்ல மனுஷர். வழியெல்லாம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். சுசீந்திரம் தாண்டினபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எனக்கு ஒண்ணு வெளங்கல்ல சுயம்பு. ஒரு ஆள சம்மணம் போட்டு இருத்தலாம். ஒரு கால எப்பிடிவே இருத்துவிய?"

வடிவுதான் சொன்னாள்.

"மடக்குக முட்டு இங்கதானே இருக்கு அண்ணே. கீழ உள்ளது உக்காராது. நிக்கத்தான் செய்யும்."

மீரான் அண்ணன் சிரித்தார். தம்பியும் சிரித்தான். சிரித்து முடிக்கும் முன் முகம் கோணிவிட்டது. தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றை உள்ளே இழுத்தான். மீரான் அண்ணன் மாட்டை விரட்டினார்.

நாகர்கோவிலில் மோட்டார் ஏறினோம். நான் அதற்கு முன் ஒரு தடவைதான் மோட்டாரில் ஏறியிருக்கிறேன். அன்றும் இதே காலுக்காகத்தான்.

மேற்கே போகப் போக நாடு வேறு. எங்கள் பக்கம் வயலைத் தாண்டி, பனையைத் தாண்டி, கண் போய்க்கொண்டே இருக்கும். இங்கே மேடு, பள்ளம், மரம். எதிரே வருகிறவன் பக்கத்தில் வந்தபிறகுதான் தெரிகிறான். பேச்சும் இழுத்து இழுத்துப் பாடுகிற மாதிரி. தண்ணீரை வெள்ளம் என்கிறார்கள்.

வில்லுக்குறி தாண்டி ஓர் ஏற்றத்தில் மோட்டார் நின்றுவிட்டது. முன்பக்கம் புகை. டிரைவர் கால்வாயில் போய் வெள்ளம் கோரிக்கொண்டு வந்து ஊற்றினான். பிறகு, "ஆம்பிளயெல்லாம் எறங்கித் தள்ளணும்" என்றான். எல்லோரும் இறங்கினோம். கோட்டுப் போட்ட ஒருவர், கச்சேரி குமாஸ்தா மாதிரி இருந்தார், இறங்கினபடியே தம்பியைப் பார்த்தார்.

"தடிமாடு மாதிரி இருக்கான். இவனுக்கு எறங்க என்னவாம்?"

தம்பி வேட்டியை விலக்கிக் காட்டினான். "ஒரு காலு இன்னும் வந்து சேரல்ல ஐயா. வந்ததும் எறங்கித் தள்ளுகேன்" என்றான்.

கோட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் தள்ளினார்.

மோட்டார் கிளம்பியபோது அங்கே ஒரு பெண்பிள்ளை ஏறினாள். நடுவயசு. ஓலைக் கடவம் நிறையச் சேனைக்கிழங்கு, சந்தைக்கு. ஏறினவள் கடவத்தைத் தம்பிக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்த இடத்தில் பொத்தென்று இறக்கினாள்.

தம்பி அலறினான்.

மோட்டாரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். டிரைவர் நிறுத்திவிட்டான்.

"என்னா? என்னா பற்றிச்சு?"

"காலு மேல வச்சிட்டா" என்றான் தம்பி. வேர்த்துக் கொட்டியது.

"எந்தக் காலு?" என்றார் கோட்டுக்காரர்.

சிரிப்பு எழும்பியது. பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, அந்தக் காலுக்கும் டிக்கட்டு எடுத்தியா?" என்றான். வடிவு சேலையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண்பிள்ளை சிரிக்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நான் கண்டில்லை மக்கா. எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று கடவத்தைத் தூக்கினாள். வைக்க வேறு இடம் இல்லை. தக்கலை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக் கால் எடுத்து வைத்தாள்.

"எடுத்தபிறகு கொறஞ்சுதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்" என்றான்.

அவள் பெயர் தெரியாது. அந்தப் பயணத்தில் நான் மனதோடு கும்பிட்டது அவளைத்தான்.

தக்கலையில் சாப்பிட்டோம். முதல் கடையில் சாதியைக் கேட்டுவிட்டு உள்ளே உட்காரவிடவில்லை. வெளியே நின்று தின்னச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் எப்படி நிற்பது. தள்ளிப் போய் ஒரு சாயிபு கடையில் கேட்டோம். பெஞ்சைத் துடைத்துப் போட்டார். மரச்சீனிக் கிழங்கு அவித்தது, மீன் கறி. எங்கள் பக்கம் நெல்லுச் சோறுதான் சோறு. இங்கே கிழங்கைத் தின்றே ஆள் வாழ்கிறது. நன்றாகத்தான் இருந்தது. தம்பி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளிவைத்தான்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி.

முற்றத்தில் பெரிய மாமரம். அதன் கீழே கூட்டம். யானைக்கால், கண் நோவு, வயிற்றுக் கட்டி. எல்லாருடைய நோவும் கண்ணுக்குத் தெரிந்தது. "என்ன சீக்கு?" என்று தம்பியைக் கேட்டபோது அவன் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டான்.

டாக்டர் வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார். வேதப் புத்தகத் தமிழ். தம்பியின் முகத்தை மறந்திருந்தார். துணியை விலக்கி முழங்காலைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

"நன்றாய் ஆறியிருக்கிறதே. உன் வேதனை எவ்விடத்தில் உண்டாயிருக்கிறது?"

"பெருவெரல்ல."

நான் சிரிப்புக்குக் காத்திருந்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே விரலால் அங்கங்கே அமுக்கினார். ஓர் இடத்தில் அமுக்கினபோது தம்பி, "அது குதிகாலு" என்றான். இன்னோர் இடத்தில், "அது பாதம்" என்றான். டாக்டர் தலையாட்டிக்கொண்டே போனார்.

பிறகு ஒரு காகிதத்தில் ஆள் படம் போட்டார். காலிலிருந்து தலைக்கு ஒரு கோடு இழுத்தார்.

"இது நரம்பு. தந்திக் கம்பி போல. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் கம்பி வருகிறது. நடுவழியில் தக்கலையில் ஒருவன் கம்பியைத் தட்டிவிட்டால், நாகர்கோவிலில் இருக்கிறவன் செய்தி திருவனந்தபுரத்திலிருந்தே வந்தது என்று எண்ணுவான். அப்படியே உன் கால் இல்லை. கம்பி இருக்கிறது."

எனக்கு நன்றாகவே விளங்கியது. தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆளு யாரு ஐயா?"

"எந்த ஆள்?"

"நாகருகோயில்ல இருந்து கேக்குற ஆளு."

டாக்டர் தலையைத் தொட்டுக் காட்டினார். "இங்கே, மூளை."

"அறுத்துப் பாத்திருக்கியளா?"

"பார்த்திருக்கிறேன்."

"நோவு எப்பிடி இருந்துது?"

கம்பவுண்டர் அவனை அதட்டினார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தயிர்க்கட்டி போல இருந்தது. கம்பிகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. நோவை நான் அங்கே காணவில்லை. கேட்கிறவனையும் காணவில்லை."

பிறகு கம்பவுண்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டாக்டர் வெளியே போனபின் என்ன சொன்னார் என்று கம்பவுண்டரைக் கேட்டேன். 'இவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எதைக் கொண்டு தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது' என்றாராம்.

இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிப் பார்க்கலாம் என்றார்கள். வெட்டினால் போகுமா என்றேன். சிலருக்குப் போகும், சிலருக்கு மேலே உள்ளதும் சேர்ந்து நோவும் என்றார்கள். வேண்டாம் என்றோம். அன்றைக்கு ஓர் ஊசி போட்டார்கள்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் தம்பியின் முகம் தளர்ந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"நின்னுதா லே?"

"இல்ல அண்ணே. இருக்கு. ஆனா எனக்கில்ல."

"பின்னே யாருக்கு?"

"தெரியல்ல. அங்கின யாருக்கோ. பாவமா இருக்கு அவனப் பாத்தா."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

நானும் அவனும் ஒரு வயிற்றில் கிடந்தவர்கள். ஒரு பாயில் வளர்ந்தவர்கள். அவனுக்குப் பசித்தால் எனக்குத் தெரியும், அழுவான். காய்ச்சல் என்றால் தெரியும், தொட்டால் சுடும். இந்த நோவு அப்படி இல்லை. ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவன் வேர்வை என் தோளில் படுகிறது. நோவு ஒரு மயிர் அளவுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அவனும் காட்ட முடியாது, நானும் பார்க்க முடியாது. கம்பி இருக்கிறது, ஊசி இருக்கிறது, தயிர்க்கட்டி இருக்கிறது. அவன் தனியாக இருக்கிறான்.

ஊசி சாயங்காலத்தோடு தீர்ந்தது. அங்கே இருந்தவனுடைய நோவு திரும்ப இவனிடம் வந்தது.

அடுத்த நாள் அந்தக் காலைத் தேடினோம்.

ஆஸ்பத்திரித் தோட்டத்தில் மண் வெட்டுகிறவர் யோசேப்பு. வெட்டி எடுத்த கைகால்களும் அவர் பொறுப்புத்தான். தம்பியை வராந்தாவில் சாய்த்துவிட்டு நானும் வடிவும் போனோம். யோசேப்பு வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"காலா? எந்த காலு? இங்க எத்தற காலு வந்துபோவுது."

"எடது காலு. பனை ஏறினவன். சுண்டுவெரலு கெடையாது. சின்ன வயசுல மம்மட்டி பட்டுப் போச்சு" என்றேன்.

யோசேப்பு மண்வெட்டியை நிறுத்தினார்.

"நாலு வெரலு காலு. ஓர்மையுண்டு. கணுக்காலுல பனை ஏறுகதுக்குப் போடுக தளைநாரு தேஞ்ச தழும்பும் உண்டு, இல்லியா? நல்ல காலு. பாத்ததும் சங்கடமா இருந்துது."

வடிவு சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துவிட்டாள். அதற்கு முன் அவள் என்னைத் தொட்டதில்லை.

"அது எங்கின இருக்கு அண்ணே?" என்று யோசேப்பைக் கேட்டாள். "எடுத்துத் தரணும். நேராக்கிப் போட்டுட்டுப் போயிருவோம்."

யோசேப்பு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொதைக்கல்ல பிள்ளே. எடவப்பாதி மழை நேரமாக்கும். குழி வெட்டினா வெள்ளம் ஊறி மேல வரும். அன்னைக்கு உள்ளத எல்லாம் எரிச்சாச்சு."

"எரிச்சாச்சா?"

"எரிச்சாச்சு."

"சாம்பலு?"

அவர் வாழையைத்தான் பார்த்தார். அது குலை தள்ளியிருந்தது.

எரித்தது அவர் தப்பு அல்ல. எங்கள் வழி அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. ஆனால் நான் ஒன்றை யோசித்தேன். அந்தக் கால் எரிகிறபோது தம்பி அதே கட்டடத்தில் மருந்து மயக்கத்தில் கிடந்திருக்கிறான். எரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. எரிந்து போனபிறகு, எதுவும் மிச்சம் இல்லாதபோது, விரல் மடங்கி நோவுகிறது. இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் கணக்கு வரவில்லை.

வராந்தாவிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அண்ணே! கெடச்சுதா?"

நான் வாய் திறக்குமுன் வடிவு சத்தமாகச் சொன்னாள். "கெடச்சுது!"

அவள் யோசேப்பின் மண்வெட்டியை வாங்கினாள். கொல்லாமரத்துப் பக்கம் போய் ஒரு குழி தோண்டினாள். நன்றாக ஆழமாகவே தோண்டினாள். "வடக்கு எது அண்ணே?" என்று கேட்டாள். யோசேப்பு கையைக் காட்டினார். குழிக்குள் குனிந்து, அங்கே ஒன்று இருக்கிற மாதிரி, இரண்டு கையாலும் நீட்டி வைத்தாள். கையால் மண்ணைத் தள்ளி மூடினாள். யோசேப்பு தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ஜெபத்தை முணுமுணுத்தார். நான் சும்மா நின்றேன். பிறகு மூன்று பேரும் வராந்தாவுக்குப் போனோம்.

"நாலு வெரலும் உண்டா?" என்றான் தம்பி.

"உண்டு."

"நீட்டி வச்சியா?"

"நீட்டி வச்சாச்சு. வடக்குப் பாத்து."

அவன் கண்ணை மூடினான். நாங்கள் மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் நெற்றி தளர்ந்தது. பிறகு வாய்.

"விரியுது" என்றான். "ஏட்டி வடிவு, விரியுதுட்டி. ஒண்ணொண்ணா விரியுது."

அழுதான். வடிவும் அழுதாள். யோசேப்பும் கண்ணைத் துடைத்தார்.

திரும்பின பயணம் அவனுக்கு நல்ல பயணம். தக்கலையில் அதே சாயிபு கடையில் கிழங்கு தின்றான். இன்னொரு தடவையும் வாங்கித் தின்றான். மோட்டாரில் பக்கத்தில் இருந்தவனிடம் ஊர்க்கதை பேசினான். கருப்பட்டி வியாபாரம் செய்யலாம், உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்றான். வில்லுக்குறி ஏற்றத்தில் மோட்டார் இந்தத் தடவை நிற்காமல் ஏறிவிட்டது. "பாத்தியா, காலு வந்ததும் வண்டிக்கும் பெலன் வந்துட்டு" என்றான்.

வடிவு சிரிக்கவில்லை. முந்தின நாள் அழுதவள், அன்று காலையிலிருந்து அவனை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் சிரிக்கச் சிரிக்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

நாகர்கோவில் தாண்டி வாடகை வண்டி. வழியில் ஒரு தாங்கல் உண்டு, நாங்கள் அய்யாவைக் கும்பிடுகிற இடம். அய்யாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றான் தம்பி. தாங்கிப் பிடித்து இறக்கினேன்.

எங்கள் தாங்கலில் சிலை கிடையாது. கண்ணாடிதான். இரண்டு பக்கமும் விளக்கு. தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, கண்ணாடிக்கு முன் நின்று கும்பிட வேண்டும். உள்ளே தெரிகிறது யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பி என் தோளைப் பிடித்து நின்றான். சட்டென்று சிரித்தான்.

"அண்ணே, இதுல ஒரு காலுதான் தெரியுது. மத்தது சொகமா நீட்டிக் கெடக்கே, அது இதுக்குத் தெரியல்லியே."

வடிவு வெளியே போய்விட்டாள். நாங்கள் வந்தபோது வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொகமா கெடக்கோ?" என்றாள்.

"சொகமா கெடக்கு."

"நேத்துல இருந்து நோவே இல்லியா?"

"இல்லவே இல்ல."

"அப்போ இத்தன மாசமும் என்ன நோவு அது? நான் எண்ணெ காச்சினேன். கெணத்தடியில கெடந்து காவலு காத்தேன். எனக்க தாலிச் சரட வித்தேன். வெறும் குழிய மூடினா போயிருமா அந்த நோவு? வெறும் குழிக்குப் போற நோவு என்ன நோவு?"

"என்னட்டி சொல்லுக?" என்றான் தம்பி.

"வடிவு, பேசாத" என்றேன்.

"நீங்க சும்மா இரிங்க அத்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "கேளுங்க. அந்தக் குழியில ஒண்ணும் கெடையாது. ஒங்க கால அன்னைக்கே எரிச்சாச்சு. சாம்பல வாழைக்குப் போட்டாச்சு. நீட்டி வச்சேன்னு நான் சொன்னது பொய்யி. ஒடனே விரிஞ்சுட்டாம்! ஊருல சிரிச்சது சரிதான். நடிப்பு!"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்தேன். அது போதுமாக இருந்தது.

அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். கொஞ்ச தூரம் போனது. வயல் வந்தது, நெல் பழுத்து நின்றது. எங்கள் பக்கத்துக் காற்று. நான் நினைத்தேன், ஒருவேளை நோவு போனது போனதுதானோ, பொய்யோ மெய்யோ, போயிருந்தால் சரி என்று.

"வடிவு" என்றான்.

அவள் திரும்பவில்லை.

"எரியுது."

குரல் வேறாக இருந்தது. மடங்கின விரலுக்கு அவன் போட்ட சத்தம் எனக்குப் பழகின சத்தம். இது அது அல்ல. பாதத்திலிருந்து மேலே ஏறுகிறது என்றான். தோல் உரிகிறது என்றான். சாக்கை இழுத்து அந்த இடத்தை மூடி மூடி அணைக்கப் பார்த்தான். வண்டிக்காரன் பயந்துபோய் மாட்டை நிறுத்திவிட்டான். வடிவு அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மோட்டாரில் அந்தச் சேனைக்கிழங்குக்காரி பார்த்த மாதிரியே பார்த்தாள். அதற்குப் பிறகு நடிப்பு என்கிற சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

பொய் சொன்னோம், விரிந்தது. மெய் சொன்னோம், எரிந்தது. காலுக்கு இரண்டும் ஒன்றுதான், அது சாம்பல். டாக்டரின் கம்பியை யாரும் போய்த் தட்டவில்லை. காதால் கேட்டான், கால் எரிகிறது. கேட்டவன் எங்கே இருக்கிறான் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. தாங்கல் கண்ணாடியிலும் அவன் தெரியவில்லை. எனக்கு இதற்குமேல் யோசிக்கத் தெரியாது.

ஊர் வந்து சேர்ந்தோம். முதல் வேலையாகக் கிணற்றுக்குப் பலகை அடித்தேன். தம்பி பாயில் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பலகய விட்டிருக்கலாம் அண்ணே" என்றான்.

இனிப் போக இடம் இல்லை. ஆஸ்பத்திரி பார்த்தாச்சு. தாங்கல் பார்த்தாச்சு. நேராக்கக் கால் இருக்கிறது என்று நினைத்திருந்தோம், அதுவும் இல்லை என்று பார்த்தாச்சு.

இப்போது வடிவு தண்ணீர் ஊற்றுகிறாள். காலையிலும் மத்தியானமும். தம்பியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, முழங்காலுக்கு அப்பால் வெறும் தரையில் ஊற்றுகிறாள். பார்க்கிறவர்கள் இப்போது சிரிப்பதில்லை. பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

"எங்க ஊத்தணும்?"

"இன்னும் கொஞ்சம் கீழ. அந்தப் பக்கம். அதுதான் குதிகாலு."

"குளுந்துதா?"

"ஊத்து."

தரை அந்த இடத்தில் குழி விழுந்துவிட்டது.

நேற்று எரிச்சல் கூடுதல். கத்தவும் தெம்பு இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். என்ன செய்வது என்று தெரியாமல் நான், கண்ணை மூடிக்கொண்டு வேறு எதையாவது நினை, விரல்களையாவது எண்ணு லே என்றேன். கண்ணை மூடினான். வலது காலின் பெருவிரல் அசைந்தது. அடுத்தது அசைந்தது. அப்படியே சுண்டுவிரல் வரைக்கும் அசைந்து நின்றது. பிறகு எங்கள் கண்ணுக்கு எதுவும் அசையவில்லை. ஆனால் அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. வடிவு செம்பைச் சாய்த்தபடியே நின்றாள். தண்ணீர் குழியில் விழுந்து, ஒன்றிலும் படாமல் ஓடியது.

எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தான்.

"எத்தன லே?"

"ஒன்பது."